எழுதிவைத்த கடவுச்சொல்லின் மீது பழி போடாதீர்கள்

தணிக்கை அறிக்கையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தார்கள். தரவுத்தளக் கடவுச்சொல் ஒரு கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது, அபாயம் மிக அதிகம், உடனே நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர்கள் சுட்டிய கோப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இரவில் பேக்கப் எடுக்கும் பயனரின் ஹோம் டைரக்டரியில் இருந்த பிஜிபாஸ் கோப்பு. அதன் உரிமை 0600. அந்தப் பயனரையும் ரூட்டையும் தவிர அந்தச் சர்வரில் வேறு யாரும் அதைத் திறக்க முடியாது.

ஒரே வாரத்தில் கோப்பை அழித்துவிட்டோம். கடவுச்சொல் பேக்கப் ஸ்கிரிப்டின் மூன்றாம் வரிக்குக் குடிபோனது, என்விரான்மென்ட் வேரியபிளாக, அதாவது சூழல் மாறியாக. ஸ்கிரிப்டின் உரிமை 0755. அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருந்த எவரும் அதைத் திறந்து படிக்கலாம். ஸ்கிரிப்ட் கிட்டிலும் இருந்ததால், வேலையை விட்டுப் போனவர்களின் மடிக்கணினிகளில்கூட ஒரு பிரதி இருந்திருக்கும். அடுத்த தணிக்கையில் அந்த வரி பச்சையாக வந்தது. ஒருவர் மட்டும் படிக்க முடிந்ததை ஊரே படிக்கும்படி செய்துவிட்டு, அபாயம் நீங்கியது என்று கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

‘கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாதே, சூழல் மாறியில் வை’ என்பது மென்பொருள் துறையில் இன்று பாலபாடமாகிவிட்டது. நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள், பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் பாடம் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆளில்லாமல் இரவில் ஓடும் வேலைக்கு, சரியாக அமைத்த கடவுச்சொல் கோப்பு சூழல் மாறியைவிடப் பாதுகாப்பானது. ஏதோ ஒரு விதிவிலக்கில் அல்ல, பெரும்பாலான சர்வர்களில்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2011-இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் ‘ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்’ என்ற பன்னிரண்டு நெறிகளை வெளியிட்டார். அதில் மூன்றாவது நெறி, அமைப்புகளைச் சூழலில் வை என்பது. அந்தக் காலத்தில் அது தேவைப்பட்ட குரல்தான். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, நிரலோடு சேர்த்துக் களஞ்சியத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உன் நிரலை இந்த நிமிடமே உலகத்துக்குத் திறந்து காட்டினால் எந்த ரகசியமாவது வெளியாகுமா என்று அந்த நெறி கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிஜிபாஸ் கோப்பு முழு மதிப்பெண் வாங்குகிறது. அது நிரலின் டைரக்டரியில் இல்லை, களஞ்சியத்தில் இல்லை, சர்வரில் ஒரு பயனரின் வீட்டுக்குள் இருக்கிறது. நிரலோடு கலந்த கோப்பை எதிர்த்துச் சொன்னதை, கோப்பு என்ற பொருளையே எதிர்த்துச் சொன்னதாகப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, சூழல் மாறியில் வைப்போம் என்றே கொள்வோம். அந்த மாறிக்குள் கடவுச்சொல் எங்கிருந்து வந்து சேர்கிறது? சர்வர் நள்ளிரவில் அணைந்து மீண்டும் எழுந்தால், தட்டச்சு செய்ய யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எங்கோ ஓரிடத்தில் அது எழுதப்பட்டிருந்தால்தான் மாறிக்குள் ஏறும். பெரும்பாலும் அது நிரலின் டைரக்டரியிலேயே இருக்கும் ‘என்வ்’ கோப்பு. அதாவது, கோப்பில் வைக்காதே என்று சொன்னவர்களும் கோப்பில்தான் வைக்கிறார்கள். காவல் இல்லாத கோப்பில் வைக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு ஒரு மிரட்டல் கும்பலின் வேலையை விவரித்தது. இணையத்தில் திறந்து கிடந்த என்வ் கோப்புகளைத் தேடி அந்தக் கும்பல் 1,10,000 டொமைன்களைக் குறிவைத்திருந்தது. கையில் சிக்கிய கோப்புகளில் இருந்த மாறிகள் 90,000-க்கும் மேல். வலைத்தளத்தின் கோப்புகளோடு கோப்பாக ரகசியத்தையும் வைத்ததுதான் அங்கே நடந்த பிழை. சூழல் மாறி என்ற பெயர் அந்த ரகசியங்களைக் காப்பாற்றவில்லை.

மாறிக்குள் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பது இதைவிட முக்கியம். போஸ்ட்கிரெஸின் சொந்த ஆவணமே பிஜிபாஸ்வேர்ட் மாறியைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சில இயங்குதளங்களில் ரூட் அல்லாத பயனர்களும் பிஎஸ் கட்டளை மூலம் பிறருடைய மாறிகளைப் பார்க்க முடியும் என்று காரணம் சொல்லி, கடவுச்சொல் கோப்பை நாடும்படி கைகாட்டுகிறது. லினக்ஸில் அந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பினர் சொல்வார்கள். அது உண்மை. லினக்ஸில் ஒரு புராசஸின் சூழலை அதே பயனரும் ரூட்டும்தான் படிக்க முடியும். அந்த வாதத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். என் கவலை வேறு.

சூழல் மாறி பரம்பரைச் சொத்து மாதிரி. ஒரு புராசஸ் பெற்றெடுக்கும் ஒவ்வொரு பிள்ளை புராசஸுக்கும், அதன் பிள்ளைகளுக்கும், கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடும். படத்தைச் சுருக்கும் சிறு நிரலுக்குத் தரவுத்தளக் கடவுச்சொல் எதற்கு? அதற்கும் கிடைக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் துணை நிரலுக்கும் கிடைக்கிறது. நிரல் விழும்போது பிழை அறிக்கை தயாரிக்கும் கருவிகளில் பல, சூழலை அப்படியே அள்ளி அறிக்கையோடு அனுப்புகின்றன. பிஎச்பி-இன்ஃபோ பக்கத்தை யாராவது சோதனைக்குத் திறந்துவைத்து மறந்துபோனால், உலாவியில் மாறிகளின் பட்டியல் வரிசையாக வந்து நிற்கும். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையின் வெளியீட்டிலும் மாறிகள் முழுசாக இருக்கும். உதவி கேட்டு அந்த வெளியீட்டை அப்படியே டிக்கெட்டில் ஒட்டுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிஸ்டம்டி சேவைக் கோப்பில் மாறியாக எழுதினால், அந்தச் சர்வரின் சாதாரணப் பயனரும் சிஸ்டம்-சிடிஎல் மூலம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். சிஸ்டம்டியின் கையேடு இதையெல்லாம் சொல்லி, ரகசியத்துக்குச் சூழல் மாறி ஏற்றதல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அதற்கு மாற்றாக 2020-இல் 247-ஆம் பதிப்பில் அவர்கள் கொடுத்தது என்ன? ரகசியத்தைச் சேவையின் கையில் கோப்பாகத் தரும் வசதி.

இவையெல்லாம் கற்பனை பயம் அல்ல. 2017 ஆகஸ்டில் என்பிஎம் களஞ்சியத்தில் ‘கிராஸ்என்வ்’ என்ற பொதி பிடிபட்டது. பிரபலமான ‘கிராஸ்-என்வ்’ பொதியின் பெயரில் நடுக்கோட்டை எடுத்துவிட்டு வைத்த வலை அது. தவறி நிறுவியவர்களின் சூழல் மாறிகளைத் திரட்டி வெளியே அனுப்பியது. 2021-இல் கோட்கோவ் சம்பவம் இதைவிடப் பெரிது. அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பாஷ் ஸ்கிரிப்டை ஜனவரி 31 முதல் யாரோ மாற்றியிருந்தார்கள். ஏப்ரல் 1 வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு மாதமும், ஸ்கிரிப்ட் ஓடிய கட்டமைப்புச் சர்வர்களின் சூழல் மாறிகள் மூன்றாம் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. திருடனுக்குச் சிரமமே இல்லை. எந்த டைரக்டரி, எந்தப் பெயர் என்று தேட வேண்டாம். ‘என்வ்’ என்று ஒரே கட்டளையைக் கொடுத்தால் வீட்டிலுள்ள அத்தனை ரகசியமும் வரிசையாக வருகிறது.

அதே பயனரின் பெயரில் ஓடும் கெட்ட நிரல் பிஜிபாஸ் கோப்பையும் படிக்கும்தானே என்று கேட்கலாம். படிக்கும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் பேக்கப்புக்கு என்று தனிப் பயனரை உருவாக்குங்கள் என்று சொல்கிறோம். வலைச்சேவை ஓடும் பயனரிடம் அந்தக் கோப்பு இருக்கவே கூடாது. கோப்புக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி உண்டு. யார் எப்போது திறந்தார் என்று ஆடிட்-டி மூலம் பதிவுசெய்யவும் வழி உண்டு. சூழல் மாறியை ஒரு நிரல் தனக்குள்ளேயே படித்தால் எந்தத் தடயமும் மிஞ்சாது. களவு போனதா இல்லையா என்று மறுநாள் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

கோப்பு வெறும் எழுத்தாக இருப்பதுதான் பலரை உறுத்துகிறது. மறையாக்கம் செய்யக் கூடாதா என்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பீர்கள்? இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாமல் ஓடும் வேலை, தானே சாவியை எடுத்துத் தானே திறக்க வேண்டும். அப்படியானால் சாவியும் அதே சர்வரில், அதே பயனர் படிக்கும் இடத்தில்தான் இருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.6 பதிப்பில் ‘மைலாகின்’ என்ற கோப்பைக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் புரியாத எழுத்தாகத் தெரியும், தணிக்கையில் தேறிவிடும். ஆனால் அதைத் திறக்கும் சாவி அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து அது காக்கும், முனைந்து வருகிறவரிடமிருந்து காக்காது. மைஎஸ்க்யூஎல் ஆவணமும் அதை ஒப்புக்கொள்கிறது. பூட்டைப் போட்டுச் சாவியை அதே கதவில் தொங்கவிட்டால், பூட்டு இருக்கிறது என்ற நினைப்பில் வீட்டுக்காரர் அசந்து தூங்குவார். அந்த அசட்டை, திறந்த கதவைவிட ஆபத்து.

வெறும் எழுத்து என்று முகம் சுளிப்பவர்களின் சர்வரில் எஸ்எஸ்எச் சேவையின் சொந்தச் சாவிகள் எப்படி இருக்கின்றன? ஈடிசி-யின் கீழ், மறையாக்கம் இல்லாமல், 0600 உரிமையோடு. வலைத்தளத்தின் டிஎல்எஸ் சாவியும் பெரும்பாலும் அப்படியே. தரவுத்தளக் கடவுச்சொல்லைவிட மதிப்பு மிக்க அந்தச் சாவிகளை ஐம்பது வருடப் பழக்கமுள்ள யூனிக்ஸ் அனுமதியை நம்பித்தான் விட்டிருக்கிறோம். அங்கே யாரும் சிவப்பு அடிப்பதில்லை. வட்டு திருடு போனால் என்ன செய்வது என்றால், முழு வட்டையும் மறையாக்கம் செய்வதுதான் அதற்கான மருந்து. ஒரு கோப்பை மட்டும் சுருட்டி வைப்பது அல்ல.

இனி அந்தக் கோப்பைப் பற்றியே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அதைக் கரித்துக்கொட்டுபவர்களில் பலர் அதைச் சரியாக அமைத்துப் பார்த்ததே இல்லை.

பிஜிபாஸ் 2002-இல் போஸ்ட்கிரெஸ் 7.3 பதிப்போடு வந்தது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. ஒரு வரியில் ஐந்து புலங்கள்: சர்வர் பெயர், போர்ட், தரவுத்தளம், பயனர், கடவுச்சொல். இடையில் முக்காற்புள்ளி, அதாவது இரண்டு புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக. முதல் நான்கில் எதற்கும் ‘எதுவானாலும்’ என்று நட்சத்திரக் குறி போடலாம். கடவுச்சொல்லிலேயே முக்காற்புள்ளியோ பின்சாய்கோடோ இருந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். பாதிப் பேர் கோப்பு வேலை செய்யவில்லை என்று கைவிடுவது இங்கேதான். மீதிப் பேர் கைவிடுவது வரிசையில். போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ நூலகம் மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். நட்சத்திரம் போட்ட பொதுவான வரி மேலே இருந்தால், கீழே நீங்கள் கவனமாக எழுதிய வரி கண்ணிலேயே படாது. குறிப்பான வரிகள் மேலே, பொதுவானவை கீழே. லோக்கல்ஹோஸ்ட் என்று கோப்பில் எழுதிவிட்டு 127.0.0.1 என்று இணைத்தால் பொருந்தாது. பெயரை எழுத்துக்கு எழுத்துத்தான் ஒப்பிடும். ரெப்ளிகேஷன் இணைப்புக்குத் தரவுத்தளப் புலத்தில் ரெப்ளிகேஷன் என்றே எழுத வேண்டும். கோப்பில் இருந்த கடவுச்சொல் தவறாகிப்போனால், இந்தக் கோப்பிலிருந்து எடுத்தேன் என்று பிழைச் செய்தியே முகவரியோடு சொல்லும். சூழல் மாறியில் பழைய கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருந்து நாள் முழுக்கத் தேடியவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. குழுவுக்கோ பிறருக்கோ ஒரு துளி உரிமை இருந்தாலும், எச்சரிக்கை செய்துவிட்டுக் கோப்பையே படிக்காமல் ஒதுக்கிவிடும். விண்டோஸில் மட்டும் இந்தச் சோதனை இல்லை. அங்கே அந்த டைரக்டரி பாதுகாப்பானது என்று நம்பிக்கொள்கிறது, ஆகவே அங்கே கவனம் நம்முடையது. இந்தக் கண்டிப்பை எரிச்சல் என்கிறார்கள். குபர்நெட்டிஸில் ரகசியத்தைக் கோப்பாக ஏற்றினால், எஃப்எஸ்-குரூப் போட்டிருக்கும் பாடில் குழுவுக்குப் படிக்கும் உரிமை தானாகச் சேர்ந்துவிடும். லிப்பிக்யூ முரண்டு பிடிக்கும். உடனே கோப்பை விட்டு மாறிக்கு ஓடுகிறார்கள். பாட் தொடங்கும்போது கோப்பைப் பிரதியெடுத்து 0600 போடும் சின்ன இனிட் கன்டெய்னர் ஒன்று போதும், பத்து வரி வேலை. அந்தப் பத்து வரிக்குச் சலித்துக்கொண்டு, உரிமையைத் தானே சோதிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தூக்கிப் போடுவது நியாயமில்லை. தளர்வாக விட்டால் வேலை செய்ய மறுக்கும் பொருள்கள் கணினியில் மிகச் சில. எஸ்எஸ்எச் சாவி ஒன்று, பிஜிபாஸ் ஒன்று.

உருவாக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் யூமாஸ்க் 077 வைத்து வெற்றுக் கோப்பை உருவாக்கி, பிறகு எடிட்டரில் திறந்து எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு சிஎச்மாட் போடுகிறவர்கள், இடைப்பட்ட நொடிகளில் கோப்பைத் திறந்துவிடுகிறார்கள். எக்கோ கட்டளையில் கடவுச்சொல்லைத் தட்டிக் கோப்புக்குள் திருப்பினால் அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். எடிட்டர் விட்டுச்சென்ற பிரதிகள் இருந்தால் அழியுங்கள். கிரானில் ஓடும் பிஜி-டம்ப் கட்டளைக்குச் சிறிய டபிள்யூ விருப்பத்தைக் கொடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்டுக் காத்துக் கிடக்காமல் உடனே தோற்றுத் தெரிவிக்கும். சர்வரின் ஹோம் டைரக்டரிகளைப் பேக்கப் எடுக்கும்போது இந்தக் கோப்பை விலக்குங்கள். தங்கள் புள்ளிக் கோப்புகளையெல்லாம் கிட்ஹப்பில் ஏற்றும் பழக்கமுள்ளவர்கள் இதைத் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். கோப்பு என்ற ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் இதுதான்: நம்மை அறியாமல் பிரதியாகிப் பயணப்படும்.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிலும், அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பது பெரிய கேள்வி. எங்கள் கோப்பில் அன்று இருந்தது சூப்பர்யூசரின் கடவுச்சொல். தணிக்கை அதற்குத்தான் சிவப்பு அடித்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து, எல்லாத் தரவையும் படிக்க மட்டும் அனுமதிக்கும் ‘பிஜி-ரீட்-ஆல்-டேட்டா’ என்ற ஆயத்தப் பொறுப்பே இருக்கிறது. பேக்கப் பயனருக்குப் பெரும்பாலும் அது போதும். அந்தக் கடவுச்சொல் களவு போனாலும் ஒரு அட்டவணையைக்கூட அழிக்க முடியாது.

கடவுச்சொல்லே வேண்டாத இடங்கள் உண்டு, அங்கே கோப்பும் வேண்டாம். தரவுத்தளமும் நிரலும் ஒரே சர்வரில் இருந்தால் ‘பியர்’ முறையைப் பயன்படுத்துங்கள். இணைப்பது எந்தப் பயனர் என்று இயங்குதளமே சாட்சி சொல்லும். அமேசான் ஆர்டிஎஸ்ஸில் 15 நிமிடம் மட்டும் செல்லும் டோக்கன் கிடைக்கிறது. வால்ட் போன்ற பெட்டகங்கள் குறுகிய ஆயுளுள்ள பயனரையே அவ்வப்போது உருவாக்கித் தருகின்றன. இவை நல்லவை, முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் பெட்டகத்தைத் திறக்கும் முதல் டோக்கன் எங்கே இருக்கும் என்று கேட்டால், பல சர்வர்களில் பதில் மறுபடி ஒரு கோப்புதான். நெட்வொர்க்குக்கு உள்ளேதானே இருக்கிறது என்று ‘டிரஸ்ட்’ போட்டு, கடவுச்சொல்லே கேட்காமல் எல்லோரையும் உள்ளே விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: இன்றே மாற்றுங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வேறு இடங்களில் இதே தணிக்கையை நான் பலமுறை எதிர்கொண்டேன். இப்போது வாதாடுவதில்லை. அந்த வரிக்குப் பதிலாக மூன்று வெளியீடுகளை இணைத்து அனுப்புகிறேன்: கோப்பின் உரிமையாளரையும் 0600-ஐயும் காட்டும் பட்டியல், அந்தப் பயனரால் தரவுத்தளத்தில் என்ன முடியும் என்பதன் பட்டியல், கடந்த மூன்று மாதத்தில் அந்தக் கோப்பைத் திறந்த ஒவ்வொரு புராசஸின் பெயரும் நேரமும். பிறகு ஒரு கேள்வி கேட்கிறேன்: இதே மூன்றையும் சூழல் மாறிக்கு உங்களால் தர முடியுமா? போன முறை கேட்ட பெண் தணிக்கையாளர் அறிக்கையை எடுத்துவைத்து, அந்தப் பத்தியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதினார்: சூப்பர்யூசர் கடவுச்சொல் எந்தக் கோப்பிலும் இல்லை என்பதைச் சரிபார்க்கவும்.